வீட்டிலே ஒரு திருத்தும் மேசை: முதலில் எதை வாங்குவது?

கல்முனைக்குத் தெற்கே, கடலோரத்து வீடொன்றில், ஒரு ராத்தாவின் கட்டிலுக்கு அடியிலிருந்து நீல நிறப் பையொன்றை இழுத்தெடுத்தேன். அதன் சிப் துருப்பிடித்துத் திறக்க மறுத்தது. உள்ளே இருந்த குறடுகளின் மேலுறை கூடக் கழற்றப்படவில்லை. ஒன்பது மாதங்களுக்கு முன் அந்தப் பையை அவர் கையில் கொடுத்து, பக்கத்தில் நின்று புகைப்படமும் எடுத்துக்கொண்டவள் நான்தான்.

பல வருடங்களுக்கு முன் நான் கள உத்தியோகத்தராக வேலை செய்த ஒரு திட்டத்தில், குடும்பத் தலைமை தாங்கும் 12 பெண்களுக்கு வீட்டு மின்சாதனங்களைத் திருத்தும் பயிற்சி வழங்கினோம். யுத்தத்தில் கணவரை இழந்தவர்கள், சுனாமியில் வீட்டையும் ஆட்களையும் பறிகொடுத்தவர்கள், வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போய் வெறுங்கையுடன் திரும்பியவர்கள் என்று பலரும் அதில் இருந்தார்கள். பயிற்சி நன்றாகவே நடந்தது. முடிவில் எல்லோருக்கும் ஒரே மாதிரியான கருவிப் பை கொடுத்தோம். அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பட்டியல் எழுதியவளும் நான்தான். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள் நான். அதுவரை ஒரு கம்பியைக்கூட ஈயம் வைத்து ஒட்டியதில்லை. கடைக்காரர் தந்த விலைப்பட்டியலில் 'செற்' என்று இருந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். சாமான் கூடினால் உதவியும் கூடும் என்று நினைத்தேன்.

ஒன்பது மாதத்தின் பின் வீடு வீடாகப் போய்ப் பார்த்தபோது பெரும்பாலான பைகள் கட்டிலுக்கு அடியிலோ அலுமாரிக்கு மேலோ கிடந்தன. ஒரு சகோதரி, மின்விசிறி ஒன்றைத் திருத்தும்போது கையில் மின்சாரம் தாக்கி நிலத்தில் விழுந்திருந்தார். உயிர் தப்பியது அல்லாஹ்வின் கிருபை. அந்த வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கவில்லை. இருக்கிறதா என்று நாங்கள் கேட்கவும் இல்லை. அதன் பிறகு அவருடைய உம்மா அந்தப் பையைத் தொட விடவில்லை. இன்னொருவர், கடைக்காரரின் பேச்சை நம்பி, கிழமைக் கடன் எடுத்துப் பெரிய மெஷின் ஒன்று வாங்கிவிட்டு, தவணை கட்ட முடியாமல் பாதி விலைக்கு அதை விற்றிருந்தார்.

ஒரேயொருவர் மட்டும் தொழில் செய்துகொண்டிருந்தார். அவரும் நாங்கள் கொடுத்த பையில் பாதியை விற்றிருந்தார்! ஏன் என்று கேட்டேன்.

"கோவிச்சுக்காதீங்க புள்ள. அதுல பாதிச் சாமான் எனக்கு வேலைக்கு ஆகல்ல. வித்த காசுல ட்ரிப் சுவிட்ச் போட்டேன், நல்ல மீற்றர் ஒண்டு வாங்கினேன், மேசைக்கு ஒரு லைட்டும் வாங்கினேன்" என்றார்.

இந்த ராத்தாவின் கணவர் பின்னேரங்களில் ரேடியோ திருத்துபவர். யுத்த காலத்தில் வயலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. "அவர் ஈயம் வைக்கக்குள்ள நான்தான் டோர்ச் பிடிக்கிற. வெளிச்சம் இல்லாட்டி வேலை இல்ல எண்டு அப்பவே தெரியும்" என்று சொன்னார். என்னுடைய பட்டியலில் விளக்கு இருக்கவேயில்லை.

அன்றைக்கு நான் கற்றுக்கொண்டது இதுதான்: கருவியை வேலை தீர்மானிக்க வேண்டும், வேலையைச் செய்கிறவள் தீர்மானிக்க வேண்டும். வீட்டில் திருத்தும் மேசை போட நினைக்கும் சகோதரிகளுக்காக, எதை முதலில் வாங்குவது, எதைப் பிறகு வாங்குவது, எதை வாங்காமலே விடுவது என்று அந்த ராத்தாவிடமும் பிறகு எனக்குப் பழக்கித் தந்தவர்களிடமும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன். விலைகள் மாதத்துக்கு மாதம் மாறுவதால் அவற்றைக் குறிப்பிடவில்லை. மூன்று கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

பெண்களுக்குச் சரிவருமா?

இந்தக் கேள்வியை எல்லா ஊரிலும் கேட்கிறார்கள். இந்தியாவின் ராஜஸ்தான் மாநிலத்தில், அஜ்மீர் மாவட்டத்தில் திலோனியா என்றொரு கிராமம் இருக்கிறது. அங்கே 1972ஆம் ஆண்டு பங்கர் ராய் என்பவர் ஆரம்பித்த நிறுவனம் 'பெயார்ஃபுட் கொலேஜ்', அதாவது வெறுங்கால் கல்லூரி என்று உலகெங்கும் அறியப்படுகிறது. எழுத வாசிக்கத் தெரியாத, அல்லது கொஞ்சமே தெரிந்த கிராமத்துப் பெண்கள் அங்கே ஆறு மாதம் தங்கி, சூரிய சக்தி விளக்குகளின் சுற்றுப் பலகைகளை ஈயம் வைத்துப் பொருத்தவும் பழுது பார்க்கவும் பழகுகிறார்கள். அவர்களில் பலர் பேரப்பிள்ளை கண்டவர்கள். 2008ஆம் ஆண்டு முதல் இந்திய அரசின் உதவியுடன் ஆபிரிக்க நாடுகளிலிருந்தும் வேறு நாடுகளிலிருந்தும் பெண்கள் வந்து பயின்றார்கள். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. நிறத்தாலும் சைகையாலும் கையாலும்தான் படிப்பு.

அங்கே பயின்றவர்களில் ஒருவர் ஜோர்தான் நாட்டைச் சேர்ந்த ரபேயா. நான்கு பெண் பிள்ளைகளின் தாய். கணவர் எதிர்ப்புத் தெரிவித்ததால் பயிற்சியின் நடுவிலே வீடு திரும்ப வேண்டி வந்தது. பிறகு மறுபடியும் போய்ப் படித்து முடித்தார். 2012இல் வெளிவந்த 'சோலார் மாமாஸ்' என்ற ஆவணப்படம் அவரைப் பற்றியது.

எங்களுக்கு அங்கே முக்கியமான பாடம் வேறொன்று. திலோனியாவில் பயின்ற பெண் ஊருக்குத் திரும்பும்போது வெறும் பையோடு விடப்படுவதில்லை. உதிரிப் பாகங்களும் கருவிகளும் வைத்து வேலை செய்ய ஊரிலே ஒரு சிறு வேலைக்கூடம் அமைக்க வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் பகுதி. விளக்குப் பெற்ற குடும்பங்கள் மாதாமாதம் சிறு தொகை கட்ட, அதிலிருந்து அவருக்குக் கொடுப்பனவு கிடைக்கும். பயிற்சி, வேலை செய்யும் இடம், வருமானம் ஆகிய மூன்றையும் ஒன்றாகவே யோசித்திருக்கிறார்கள். நாங்கள் பயிற்சியைக் கொடுத்துப் பையைக் கொடுத்து, இடத்தை மறந்துவிட்டோம்.

ஆனால் இடம் என்ற விடயத்தில் எங்கள் கரையோரப் பெண்களுக்கு ஒரு பலம் இருக்கிறது. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று எந்த ஊரை எடுத்தாலும், திருமணத்தின்போது வீடு பெண்ணுக்குக் கொடுக்கப்படுவதும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதும் வழக்கம். இந்த வழக்கத்தால் பெற்றோர் படும் பாடு வேறு கதை. என்றாலும், சுவரில் ஆணி அடிக்க யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லாத ஒரு மூலை எங்களில் பலருக்கு உண்டு.

முதலில் வேலையைத் தெரிவு செய்யுங்கள்

உங்கள் ஒழுங்கையில் அடிக்கடி பழுதாகும் சாமான் எது? ஒரு கிழமைக்கு அக்கம்பக்கத்தில் விசாரித்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். அநேகமாக இவைதான் வரும்: மெதுவாகச் சுற்றும் மின்விசிறி, சூடேறாத ரைஸ் குக்கர், வயர் உள்ளே அறுந்த ஸ்திரிக்கைப் பெட்டி, எரியாத எல்.ஈ.டி. மின்குமிழ், சார்ஜ் ஏறாத கைவிளக்கு, அடப்டர், ரேடியோ.

இவற்றில் பாதி சின்னப் பழுதுகள். மின்விசிறி மெதுவாகச் சுற்றினால், பல நேரங்களில் குற்றவாளி அதன் கெப்பாசிட்டர்தான். அதே அளவும் அதே வோல்ட்டும் உள்ள புதியதைப் போட்டால் சரி. ரைஸ் குக்கரில் அடிக்கடி போவது சூட்டில் அறுகிற சிறு பியூஸ். அதுவும் அதே வெப்ப அளவும் அம்பியரும் எழுதியதாக இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக வெறும் கம்பியை முறுக்கி விடுவது வீட்டைக் கொளுத்தும் வேலை. இந்த வேலைகளுக்கு என்னுடைய பட்டியலில் இருந்த சாமான்களில் பத்துக்கூடத் தேவைப்படவில்லை.

தொடக்கத்தில் தொடக் கூடாதவையும் உண்டு. மைக்ரோவேவ் அடுப்பு, பழைய பெட்டித் தொலைக்காட்சி இரண்டும் பிளக்கைக் கழற்றிய பிறகும் ஆளைக் கொல்லக்கூடிய மின்சாரத்தை உள்ளே வைத்திருக்கும். அவற்றை வாங்கி வைக்கவே வேண்டாம். வீட்டு வயரிங் வேலையும் அதற்கென்று தகுதி பெற்றவருடையது.

மேசையும் வெளிச்சமும்

மேசை மரத்தாலானதாக இருக்கட்டும். இரும்பு மேசை வேண்டாம், அது மின்சாரத்தைக் கடத்தும். கதிரையில் இருக்கும்போது முழங்கை வைக்கக்கூடிய உயரம் போதும். பாயில் இருந்து செய்யலாமே என்று சிலர் கேட்பார்கள். தவழும் பிள்ளையின் கைக்குச் சூடான கோல் எட்டும் உயரம் அது. வேண்டாம்.

சாப்பாட்டு மேசையையும் குசினி மேசையையும் ஒருபோதும் இதற்குப் பாவிக்க வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

மேசையை யன்னலுக்குப் பக்கத்தில் போடுங்கள். அதோடு கழுத்தை வளைக்கக்கூடிய மேசை விளக்கு ஒன்று. தையல் தெரிந்தவர்களுக்கு இது புரியும்: ஊசித் துவாரம் தெரியாமல் நூல் கோர்க்க முடியாது. நாற்பது வயதைக் கடந்தவர்கள் ஒரு பூதக்கண்ணாடியும் வாங்க வேண்டும். சுற்றுப் பலகையில் வெடித்த ஈயப் பூட்டு தலைமுடி அளவுதான் இருக்கும்.

காலில் இறப்பர் செருப்பு. கையில் வளையல், மோதிரம், மணிக்கூடு வேண்டாம். அபாயாவின் கையை மடித்துக் கட்டி, ஸ்காப்பின் நுனியை உள்ளே சொருகிக்கொள்ளுங்கள். நைலோன் துணி சூடு பட்டால் உருகித் தோலில் ஒட்டும். வேலைக்குப் பருத்தி உடையே நல்லது.

முதற் காசு பாதுகாப்புக்கு

கையில் முதலில் காசு வந்தால் கருவிக் கடைக்குப் போகாதீர்கள். வீட்டின் மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் 30 மில்லி அம்பியர் என்ற அளவு குறிக்கப்பட்டிருக்க வேண்டும். 'டெஸ்ட்' என்ற பட்டனை அழுத்தினால் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அது வெறும் பெட்டி. மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். இல்லாத வீட்டில், தகுதியுள்ள ஒருவரைக் கொண்டு அதைப் பூட்டி, எர்த் கம்பியையும் சரிபார்த்த பிறகுதான் மற்றவை.

ஆனால் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று துணிந்துவிடாதீர்கள். உடம்பிலிருந்து நிலத்துக்கு மின்சாரம் கசியும்போதுதான் அது விழும். ஒரு கை லைவிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால், நீங்கள் மனிதரா மின்குமிழா என்று அதற்குத் தெரியாது. ஆகவே பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே கை வைக்க வேண்டும். கழற்றிய பிளக் கண்ணுக்குத் தெரியும்படி மேசை மேலேயே இருக்கட்டும். யாரும் அறியாமல் போட்டுவிட மாட்டார்கள்.

மேசைக்குரிய நீட்டிப்புப் பலகையில் ஒவ்வொரு பொயின்ட்டுக்கும் தனிச் சுவிட்ச் இருப்பது நல்லது. இலங்கை கட்டளைகள் நிறுவனத்தின் எஸ்.எல்.எஸ். முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். எங்கள் நாட்டில் தரமாக்கப்பட்டிருக்கும் சதுரக் கால் பிளக்கின் உள்ளே ஒரு பியூஸ் இருக்கும். வாங்கும்போது பெரும்பாலும் 13 அம்பியர் பியூஸ்தான் இருக்கும். சிறு கருவிகளுக்கு 3 அம்பியர் போதும், மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி, காசு அதிகம் செலவாகாத ஒரு பழைய உபாயம்: சீரிஸ் பல்பு. 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றை, திருத்திய சாமானுக்குப் போகும் லைவ் கம்பியின் இடையில் வருமாறு இணைத்து வைப்பது. அடப்டரோ ரேடியோவோ உள்ளே ஷோர்ட் ஆகியிருந்தால், வெடிப்பதற்குப் பதிலாகப் பல்பு பிரகாசமாக எரியும். உங்களுக்குத் தெரிந்துவிடும். இதற்கு எல்.ஈ.டி. பல்பு சரிவராது, பழைய இழைப் பல்புதான் வேண்டும். இழுபடாத பலகையில், மூடிய இணைப்புகளோடு, தெரிந்த ஒருவரைக் கொண்டு செய்வியுங்கள். ஸ்திரிக்கை, குக்கர் போன்ற சூடேற்றும் சாமான்களுக்கு இது உதவாது. அவை நல்ல நிலையில் இருந்தாலும் பல்பு எரியும். அவற்றுக்கு மீற்றர்தான்.

மீற்றர்: கண்ணுக்குத் தெரியாததைக் காட்டும் கண்

திருத்தும் வேலையில் முக்கால்வாசி, எது பழுது என்று கண்டுபிடிப்பதுதான். அதைச் செய்வது மல்ரிமீற்றர். காசைச் சேமிக்கக் கூடாத இடம் இதுவே.

வாங்கும்போது நான்கு விடயங்களைப் பாருங்கள். ஒன்று, முகப்பில் 'கெற் 3' என்ற பாதுகாப்பு வகையும் 600 வோல்ட் என்ற அளவும் அச்சிடப்பட்டிருக்கிறதா? மிக மலிவான மீற்றர்களில் அச்சிட்டிருப்பதெல்லாம் உண்மையல்ல. கையில் எடுத்தால் கனமாகவும், கம்பிகள் தடிப்பாகவும், உள்ளே பியூஸ் மாற்றக்கூடியதாகவும் இருக்க வேண்டும். இரண்டு, தொடர்பு இருந்தால் சத்தம் போடும் பஸர் இருக்கிறதா? அறுந்த வயரைக் கண்டுபிடிக்க இதுவே போதும். மூன்று, கெப்பாசிட்டர் அளக்குமா? மின்விசிறி வேலைக்கு இது அவசியம். நான்கு, தானாக அணையுமா? இல்லாவிட்டால் பற்றரிச் செலவு உங்கள் இலாபத்தைத் தின்னும்.

மீற்றரைக் கொண்டு ஒரு சிறு கணக்கு. எங்கள் மின்சாரம் 230 வோல்ட். 230ஐ 230ஆல் பெருக்கி, சாமானில் எழுதியிருக்கும் வாட் அளவால் வகுத்தால், அதன் சூடேற்றும் கம்பிக்கு இருக்க வேண்டிய தடை ஓமில் வரும். 1,000 வாட் ஸ்திரிக்கைக்கு ஏறக்குறைய 53 ஓம். 500 வாட் குக்கருக்கு ஏறக்குறைய 106 ஓம். ஆறிய நிலையில், பிளக் கழற்றியபின் அளக்கும்போது இதை அண்டிய எண் வந்தால் கம்பி நலம், பழுது வேறிடத்தில். எண்ணே வராவிட்டால் எங்கேயோ அறுந்திருக்கிறது. எட்டாம் வகுப்போடு நின்ற ஒரு சகோதரி, தொலைபேசியின் கணிப்பொறியில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியபோது அவருடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

கவனம்: 10 அம்பியர் என்று எழுதிய துவாரத்தில் கம்பியை வைத்துக்கொண்டு பிளக் பொயின்ட்டின் வோல்ட்டை அளக்கப் போனால் மீற்றர் வெடிக்கும். அளக்க முன் கம்பி எந்தத் துவாரத்தில் இருக்கிறது என்று பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். அடப்டர்களின் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தேங்கி நிற்கலாம். பிளக்கைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விட்டு, மீற்றரால் அளந்து, இறங்கிவிட்டது என்று உறுதி செய்த பிறகே தொடுங்கள். ஸ்குரூ டிரைவரால் தட்டி வெளியேற்றும் பழக்கம் ஆகாது.

பற்றாசுக் கோல்

கடையில் சோல்டரிங் அயன் என்று கேளுங்கள். சிறு வேலைக்கு 25 முதல் 40 வாட் வரை போதும். வசதியிருந்தால், சூட்டைக் கூட்டிக் குறைக்கக்கூடிய 60 வாட் கோல் வாங்கலாம். நுனி ஊசி போல் கூராக இருப்பது அழகாகத் தெரியும். ஆனால் பழகுகிறவர்களுக்கு உளி போன்ற தட்டை நுனிதான் சூட்டை நன்றாகக் கடத்தும். முலாம் பூசிய நுனியை அரத்தால் ராவினால் அது முடிந்தது. ஈரத் துணியில் துடைத்து, கொஞ்சம் ஈயம் பூசி வைத்தால் நீண்ட நாள் நிற்கும்.

கோலோடு அதைச் சாய்த்து வைக்கும் கனமான ஸ்டாண்ட் கட்டாயம். கோலை விட ஸ்டாண்ட் முக்கியம் என்றே சொல்வேன், ஏனென்றால் தொழுகைக்கோ பிள்ளையின் அழுகைக்கோ எழும்பும் ஒவ்வொரு முறையும் கோல் எங்கேயாவது இருக்க வேண்டும். எழும்பும்போது சுவிட்சையும் அணையுங்கள்.

ஈயக் கம்பியில் உள்ளே ரொசின் உள்ளது, 0.8 மில்லிமீற்றர் தடிப்புடையது என்று கேட்டு வாங்குங்கள். தகரம் ஒட்டப் பாவிக்கும் அமிலப் பசையை மின் வேலைக்குப் பாவிக்க வேண்டாம். அது சில மாதங்களில் இணைப்பை அரித்துவிடும். பழுது திரும்பி வந்தால் உங்கள் பெயர்தான் கெடும்.

கைக் கருவிகளும் கடற்காற்றும்

ஸ்குரூ டிரைவர் நான்கு: தட்டையில் சிறிதும் பெரிதும், நட்சத்திர வாயில் சிறிதும் பெரிதும். மின்காப்புப் பிடியில் 1,000 வோல்ட் குறியீடு உள்ளவை நல்லது. ஒரு மூக்குக் குறடு, ஒரு வெட்டுக் குறடு, வயர் தோலுரிக்கும் கருவி, ஈயத்தை உறிஞ்சும் பம்ப், ஒரு சாவணம், பழைய பல் தூரிகை ஒன்று. இவ்வளவுதான். முப்பது தலைகள் கொண்ட மலிவுப் பெட்டியில் உள்ள உலோகம் மிருதுவானது. இரண்டாம் முறை திருகும்போதே வாய் மழுங்கி ஆணியையும் கெடுக்கும். நல்லது நான்கு, மலிவு முப்பதை விட மேல்.

எங்கள் ஊரில் இன்னொரு எதிரி கடற்காற்று. உப்பும் ஈரமும் குறட்டின் மூட்டை இறுக்கும், கோலின் பிளக்கில் பச்சை பிடிக்க வைக்கும். கருவிகளைத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுத்து ஒட்டும். புதுச் சப்பாத்து, புதுப் பைகளோடு வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களைச் சேர்த்துப் பெட்டிக்குள் போடுங்கள். துணிப் பையில் இருந்த எங்கள் கருவிகள் ஒன்பது மாதத்தில் துருப்பிடித்ததற்கும் இதுவே காரணம்.

உதிரிப் பாகங்களுக்குப் பெட்டி வாங்கத் தேவையில்லை. யோகட் கோப்பையும் பால்மா டின்னும் போதும். வீசப்படும் பழைய அடப்டர், ரேடியோப் பலகைகளைச் சேர்த்து வையுங்கள். கெப்பாசிட்டர், சுவிட்ச், வயர் என்று எவ்வளவோ அதில் கிடைக்கும். தடையிகளின் நிறக் கோடுகளை வாசிக்கப் பழகுவது நெசவு நூலின் நிற வரிசையை நினைவில் வைப்பதை விடக் கஷ்டமானதல்ல. மண்ணிறம், கறுப்பு, சிவப்பு என்று கோடுகள் வந்தால் அது 1,000 ஓம். மருதமுனைக் கைத்தறியில் சாரனும் சேலையும் நெய்து பழகிய ஒருவர் இதை இரண்டே நாளில் மனனம் செய்தார்.

பிள்ளைகள் இருக்கும் வீடு

வழமையான பற்றாசில் ஈயம் இருக்கிறது. அது பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு, வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் கேடு. கோலின் சூட்டில் ஈயம் ஆவியாகிப் பறப்பதில்லை. கையிலும் மேசையிலும் ஒட்டி, அங்கிருந்து வாய்க்குப் போகிறது. இதனால்தான் சாப்பாட்டு மேசை கூடாது என்றேன்.

வேலை செய்யும் மேசையில் தேநீர் குடிக்காதீர்கள், எதையும் கடிக்காதீர்கள். வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிய பிறகே பிள்ளையைத் தூக்குங்கள். மேசையையும் கீழே உள்ள நிலத்தையும் கூட்டாமல், ஈரத் துணியால் துடையுங்கள். அந்தத் துணி வேறு வேலைக்கு வரக்கூடாது. கர்ப்பிணிகளும் கைக்குழந்தை உள்ளவர்களும் ஈயமில்லாத பற்றாசு வாங்கலாம். அது உருகக் கூடுதல் சூடு தேவை, வேலையும் சற்றுக் கடினம், ஆனாலும் பரவாயில்லை. புகை எந்தப் பற்றாசிலும் நெஞ்சுக்கு ஆகாது. சிறு மின்விசிறி ஒன்றை யன்னல் பக்கம் திருப்பி வைத்து, புகையை வெளியே இழுக்கச் செய்யுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையைத் தொடங்குமுன் வைத்தியரிடம் கேட்பது நல்லது.

ஊதிய லித்தியம் பற்றரியைக் குத்தவோ திறக்கவோ வேண்டாம். காய்ந்த மண் நிரப்பிய வாளி ஒன்று வாசலுக்கு அருகில் இருக்கட்டும்.

காத்திருக்கக் கூடியவை

சூடான காற்றடிக்கும் மெஷின், மைக்ரோஸ்கோப், மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் பவர் சப்ளை ஆகியவை கைத்தொலைபேசி திருத்தப் பழகிய பிறகு வேண்டியவை. அந்த வேலைக்கு எங்கள் ஊர்களில் தேவை இருக்கிறது என்பதும் உண்மை. குடும்பப் படங்கள் உள்ள தொலைபேசியைக் கடையில் ஆண்களிடம் கொடுக்கத் தயங்கும் பெண்கள், ஒரு பெண் திருத்துவாரா என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். ஆனால் அது இரண்டாம் படி. கையில் கட்டும் எர்த் பட்டியும் அப்போதுதான் தேவை. 230 வோல்ட் வேலையின்போது அதைக் கட்டவே கூடாது.

இவற்றை எதற்காகவும் கிழமைக் கடன் எடுத்து வாங்காதீர்கள். நுண்கடன் எங்கள் மாகாணத்துப் பெண்களை என்ன பாடு படுத்தியது என்று நான் சொல்லத் தேவையில்லை. 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டிய அளவுக்கு நிலைமை போயிருந்தது. ராத்தாவின் முறை எளிமையானது. திருத்தக் கூலியில் ஒரு பங்கை ஒரு டின்னில் போடுவார். ஒரு கருவி இல்லாமல் மூன்று வேலையைத் திருப்பி அனுப்ப நேர்ந்தால்தான் அந்தக் கருவியை வாங்குவார். மூன்று பேர் கேட்காத வேலைக்கு மெஷின் எதற்கு என்பது அவர் கேள்வி.

கொப்பியும் ஒரு கருவிதான்

யார் கொண்டு வந்தது, என்ன சாமான், என்ன பழுது, பேசிய கூலி, திருப்பிக் கொடுத்த திகதி ஆகியவற்றை எழுதுங்கள். சாமானில் பெயர்த் துண்டு ஒட்டுங்கள். பேசிய கூலிக்கு மேல் செலவு வரும் என்றால், முதலே சொல்லுங்கள். சொந்தக்காரர் என்று இலவசமாகச் செய்ததையும் எழுதி வையுங்கள். மாத முடிவில் பார்த்தால் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

இந்தக் கொப்பி இன்னொன்றுக்கும் உதவும். பாடசாலைச் சான்றிதழ் இல்லாவிட்டாலும், செய்து பழகிய தொழிலைப் பரீட்சித்துத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை எங்கள் நாட்டில் உண்டு. முன் கற்றலை அங்கீகரித்தல் என்று அதைச் சொல்வார்கள். அப்போது, நீங்கள் இத்தனை காலம் இன்ன வேலைகளைச் செய்தீர்கள் என்று காட்ட இந்தப் பக்கங்கள் கைகொடுக்கும். உங்கள் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

அந்தத் திட்டத்தின் அடுத்த பயிற்சியில் நாங்கள் பை கொடுக்கவில்லை. முதலில் ஒவ்வொரு வீட்டின் ட்ரிப் சுவிட்சையும் பரிசோதித்தோம். பிறகு பெண்களையே கடைக்கு அழைத்துப் போனோம். பாதிக் காசு அன்றைக்கு, மீதி மூன்று மாதம் கழித்து. கடையில் அவர்கள் மீற்றரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கம்பியை இழுத்துப் பார்த்து, விலை பேசியதைப் பார்த்துக்கொண்டு நான் ஓரமாக நின்றேன். அந்தக் கடைக்காரர் முதலில் என்னிடம்தான் பேசினார். பிறகு அவர்களிடம் பேசத் தொடங்கினார்.

மின்சாரம் தாக்கி விழுந்த சகோதரியும் அன்றைக்கு வந்திருந்தார். அவருடைய வீட்டுக்கு ட்ரிப் சுவிட்ச் பூட்டிய பிறகு, உம்மாவையே 'டெஸ்ட்' பட்டனை அழுத்திப் பார்க்கச் சொன்னோமாம். 'டக்' என்று விழுந்த சத்தத்தைக் கேட்ட பிறகுதான் அந்தப் பழைய பையை வெளியே எடுக்க அனுமதித்தார். அதிலிருந்த குறடு இரண்டை எண்ணெய் விட்டு மீட்டெடுத்ததாகச் சொன்னார். மீதியை இரும்புக்குப் போட்டாராம்.

சகோதரிகளே, நீங்களும் ஒரு தாளை எடுத்து, உங்கள் ஒழுங்கையில் பழுதாகும் மூன்று சாமான்களை எழுதுங்கள். அவற்றுக்கு நேரே தேவையான கருவிகளை எழுதுங்கள். அதற்கும் மேலே, தாளின் முதல் வரியில், உங்கள் வீட்டு ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா இல்லையா என்று எழுதுங்கள். கடைக்குப் போகும்போது அந்தத் தாளைக் கையில் எடுத்துச் செல்லுங்கள்.